உன் பெயருக்கு வந்த கறுப்பு ஜாக்கெட்

தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், உன் அம்மா குடத்தின் வாயில் கட்டியிருந்த சாம்பல் நிற பிளாஸ்டிக்கைத்தான் முதலில் பார்த்தேன். அதன் ஓரத்தில் பாதி கிழிந்த ஸ்டிக்கர். அதில் நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள். நம் பார்சல் உறை அது. பார்சல் வந்துவிட்டது, யாரும் என்னிடம் சொல்லவில்லை.

நீ இருக்கும்போது ஆர்டர் போட்டோம். நீ காய்ச்சலில் இறந்துபோய் ஒரு மாதத்துக்கு மேலான பிறகு வந்து சேர்ந்திருக்கிறது. எப்போது பார்த்தாலும் "சாப்டியா கண்ணு" என்று கேட்கும் உன் அம்மா, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் நடந்தார். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சந்தேகப்படுவது எனக்கு எப்போதும் சுலபம். பத்தாவது பாதியில் நின்று மொரப்பூர் தையல் கடைக்கு வந்தபோது, பக்கத்து மெஷினில் இருந்த உன்னோடு பேசவே எனக்கு ஒரு வாரம் ஆனது. உன் போனில், ஆன்லைனில் துணி விற்கும் வெளிநாட்டுக் கடைகளைக் காட்டினாய். இங்கே கடையில் கேட்கும் விலையில் பாதிகூட இல்லை. நீ ஆசையாய்ப் பார்த்தாய், நான் குற்றம் கண்டுபிடித்தேன். படத்தைப் பெரிதாக்கித் தோள் தையல் நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். வாங்கினவர்கள் எழுதியதெல்லாம் ஒருவரே எழுதியது போல் இருக்கிறது என்றேன். ஒரு கடைக்காரனிடம் துணி கனமா என்று கேட்டாய். 'அன்பு நண்பரே' என்று தொடங்கி அவன் பதில் அனுப்பினான்.

"அன்பு நண்பரேங்கிறான். நம்ம ஊர்ல கடன் கேக்கறவன்தான்டி அப்படி ஆரம்பிப்பான்" என்று நீ சிரித்ததில் ஊசியில் நூல் அறுந்துபோனது.

அப்படியும் முதல் தடவை ஏமாந்தோம். ஏமாற்றியது கடைக்காரன் இல்லை, நம் டேப்புதான். நமக்கு மார்பளவு என்றால் சுற்றிப் பிடிப்பது. அவர்கள் சட்டையைத் தரையில் விரித்து ஒரு பக்கத்தை மட்டும் அளந்து போட்டிருந்தார்கள். நாம் அதைச் சுற்றளவு என்று நினைத்து, எல்லாம் குழந்தை அளவாக இருக்கிறதே என்று பயந்து, இருப்பதிலேயே பெரியதை வாங்கினோம். வந்த தொப்பிச் சட்டைக்குள் நாம் இரண்டு பேரும் சேர்ந்து நுழைந்தோம். தையல் கடை நடத்தும் அக்கா, "இன்னும் ஒருத்தருக்கு எடமிருக்கு, நானும் வரட்டா?" என்றார்.

எனக்கு அது பிடித்திருந்தது. தொப்பியை இழுத்துவிட்டால் யாரும் என்னைப் பார்க்க முடியாது. ஆனால் எங்கள் வூட்டில் அப்பா அதை விரித்துப் பிடித்து, "இது எவனோடது? எவன் குடுத்தான்?" என்று கேட்டார். இன்னொரு தடவை இப்படி ஏதாவது வந்தால் தையல் கடைக்கும் போக வேண்டாம் என்றார்.

"இனிமே எங்க வூட்டு அட்ரஸ் போட்டுக்கலாம். எங்கம்மா ஒண்ணும் கேக்காது" என்றாய் நீ.

அதனால்தான் ஜிப் வைத்த இந்தக் கறுப்பு ஜாக்கெட் உன் பெயரில் வந்தது. அதை ஆண்கள் பக்கத்தில் எடுத்தது நான். அங்கே விலையும் குறைவு, பையும் ஆழம். தொப்பிச் சட்டை போல் உள்ளே ஒளிந்துகொள்ளலாம் என்று அளவையும் பெரிதாகவே எடுத்தேன். பணத்தை உன்னிடம் முன்னாலேயே கொடுத்திருந்தேன். இதெல்லாம் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

இன்று கடை அக்கா மெஷினை நிறுத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "அவ பேருக்கு எவனோ ஆம்பள ஜாக்கெட்டு அனுப்பியிருக்கானாம். அவங்கண்ணன் அவ போனைத் தொறக்கப் பாக்கறானாம். வெள்ளிக்கிழமை படையலுக்குப் புதுத்துணி எடுத்து வெச்சிருந்தாங்களே, அதையும் வேண்டாங்கறாங்களாம்."

கல்யாணம் ஆகாமல் போன பெண்ணுக்குப் புதுத்துணி வைத்துக் கும்பிட்டால்தான் அவள் வூட்டுச் சாமியாகி நிற்பாள் என்பது உன் அம்மாவின் நம்பிக்கை. அதையே நிறுத்தப் போகிறார். போனைத் திறந்தாலும் அதில் உன் பெயர்தான் இருக்கும். எனக்குப் போன் கிடையாது, நாம் பேசியதெல்லாம் மெஷின் சத்தத்துக்கு நடுவில்.

மதியமே கிளம்பி உன் வூட்டுக்குப் போனேன். ஜாக்கெட் நாற்காலியில் கிடந்தது. அதைத் தொடப் பயப்படுவது போல் எல்லோரும் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

"பெரிம்மா, அது என்னோடதுங்க" என்றேன் உன் அம்மாவிடம்.

உன் அண்ணன் சிரித்தான். "அவளைக் காப்பாத்த வந்துட்டியா? உனக்குப் பேச வருமா?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன். எங்கப்பாவுக்குப் பயந்து இங்க வரவெச்சோம்."

"ஒம் ஒடம்புக்கு இதா?" என்றார் உன் அம்மா. "செத்தவ மேல பழி வேண்டாம்னு நீயா ஒண்ணு சொல்ற. யாரு அவன்? உனக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லிடு கண்ணு."

ஜாக்கெட்டை எடுத்து மாட்டினேன். கை விரல் நுனிவரை மூடியது. அது அவர்கள் சொன்னதற்கே சாட்சி போல் ஆனது. முதலில் வந்த தொப்பிச் சட்டை, டேப்பு, சுற்றளவு என்று ஏதோ சொன்னேன். எனக்கே அது பொய் மாதிரி இருந்தது.

உன் அம்மா எழுந்து வந்து என் முகத்தை நிமிர்த்தினார். "உன்னோடதுன்னா போட்டுகிட்டே உங்கப்பன் முன்னாடி போயி நில்லு. அப்ப நம்பறேன்."

அந்த நிமிடம் நான் யாரையும் நம்பவில்லை. உன் அண்ணனை, என் அப்பாவை, நாளைக்கு என் மெஷின் எனக்காக இருக்கும் என்பதைக்கூட. நீ போன பிறகு எனக்கு மீதமிருப்பது இந்தப் பழக்கம்தான். எதைப் பார்த்தாலும் எங்கே தையல் விட்டிருக்கிறது என்றே தேடுகிறேன். உன்னிடம் மட்டும் தேடியதில்லை. இப்போது அவர்கள் உன்னிடம் தேடுகிறார்கள், அதுவும் நான் வாங்கிய துணியை வைத்துக்கொண்டு.

ஜிப்பை மேலே இழுத்துவிட்டு வெளியே வந்தேன். டீக்கடையில் பேச்சு நின்றது. உன் அம்மா பின்னாலேயே வந்தார். எங்கள் வூட்டு வாசலில் அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். அவர் நிமிரும்வரை நின்றேன். பிறகு, உன் அம்மாவுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"அப்பா, இது நான் வாங்குனது."