பதினொரு நாள் இலைக்கணக்கு

20 ஜூன் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? அளவுத்தாள் வந்தது. கல்லூரிப் பசுமைக்குடிலில் நீ தினமும் அளந்து அனுப்பும் சூரியகாந்தி இலைகள் என்னைப் பைத்தியமாக்கிவிட்டன. வெயில், தண்ணீர், சூடு மூன்றையும் கொடுத்தால் நாளைக்கு இலை எத்தனை மில்லிமீட்டர் என்று என் கம்ப்யூட்டர் சொல்கிறது. இந்த மாதம் உன் செடி அப்படியே வளர்ந்து காட்டுகிறது. நாம் அப்பா பேச்சை இந்த அளவுக்குக் கேட்டதுண்டா? ஜூலை பத்தாம் தேதி ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். மீதித் தாளைச் சீக்கிரம் அனுப்பு. அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி

2 ஜூலை 1993

அக்கா,

ஜூன் பதினொன்றாம் தேதி 142 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் தேதி அதே இலை 117. வளர்ந்த இலை சுருங்குமா? ஜூன் முதல் தேதியிலிருந்து பதினொன்றுவரை எல்லா எண்களையும் சரிபார்த்தேன். அத்தனையும் என் சூத்திரம் தரும் விடைகள், தசமப் புள்ளி பிசகவில்லை. செடியை அளக்காமல், நான் அனுப்பிய சூத்திரத்தை வைத்தே கணக்குப் போட்டு நிரப்பியிருக்கிறாய். வேலியே பயிரை மேய்ந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்ல? நாலு வருஷ உழைப்பின் கடைசி அத்தியாயம் போயிற்று. இனி நீ அளக்க வேண்டாம். வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி

11 ஜூலை 1993

அன்புத் தம்பிக்கு,

நேற்றோடு உன் கெடு முடிந்தது. இனி சொல்லலாம். அப்பா போய் இன்றோடு ஒரு மாதம்.

ஜூன் முதல் தேதி மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பதினொரு நாளும் ஆஸ்பத்திரியில் கட்டிலருகேதான் இருந்தேன். நீ ஆய்வேட்டைக் கொடுக்கும்வரை மூச்சு விடக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டார். தாள் நின்றால் உனக்குச் சந்தேகம் வரும். அதனால் உன் சூத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு நிரப்பினேன். பன்னிரண்டாம் தேதி வீட்டில் இருக்க முடியாமல் பசுமைக்குடிலுக்குப் போனேன். தண்ணீரில்லாமல் செடிகள் வாடிக் கிடந்தன. பொய் எழுதத் தெம்பில்லை, அளந்ததை எழுதினேன். செய்தது தப்புதான், மன்னித்துக்கொள்.

இன்னொன்றும் செய்தேன். தம்பி கடிதம் வந்ததா என்று தினமும் கேட்பார். எட்டு மாதமாக நீ அவருக்கு ஒரு வரி எழுதவில்லை. கடைசி நாளன்று, அளவுத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, நீ அவருக்கு எழுதிய கடிதம்போல நானே சொல்லி வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். முதலில் என்ன சொன்னேனென்று மறந்துவிட்டது. வேறு எதையோ வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"போதும்மா," என்றார். "அவனுக்கு நேரமிருந்தா இப்படித்தான் எழுதுவான்."

அக்கா