ஒன்று எண்ணிவிட்டுச் சிரி

ஜூன் 5, 2025, வியாழன். மெரிலேண்ட்ஸ், சிட்னி

ஜெகதீஷ் மறுபடியும் வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கிறான். ஏழு நிமிடம். கோயம்புத்தூரில் நாலு வருஷமும் கடைசி பெஞ்சில் தூங்கிய ஜென்மம், டப்ளினுக்குப் போன ஒன்றரை வருஷத்தில் அயர்லாந்துக்கே ஆலோசகர் ஆகிவிட்டது. நான் செப்டம்பரில் கால்வேக்குப் பிஎச்.டி. படிக்கப் போகிறேன் என்று தெரிந்ததிலிருந்து வாரம் ஒரு உபதேசம்.

"ஹரி, படிப்பு அது பாட்டுக்கு நடக்கும். இங்க பப்ல போய் உக்காரக் கத்துக்கணும். குடிக்கலேன்னாலும் பரவால்ல, சும்மா போய் உக்காரு. ஒருத்தன் ஃபிடில் வாசிப்பான், இன்னொருத்தன் பாடுவான், அப்படியே ஃப்ரெண்ட்ஸ் ஆயிடுவாங்க. ஆனா ஒருத்தன் உனக்கு வாங்கிக் குடுத்தா அடுத்த ரவுண்டு நீ வாங்கணும். அத மறந்தா காலி."

போய் உக்காரணுமாம். சிட்னியில் இரண்டு வருஷமாக உட்கார்ந்து பார்த்தாயிற்று. தமிழ் மாணவர் சந்திப்பு என்று பாரமட்டா பூங்காவில் கூடினார்கள். மூன்று மணி நேரம், இங்கேயே தங்கிவிட அனுமதி வாங்கும் பி.ஆர். பாயின்ட் கணக்கைத் தவிர வேறு பேச்சு இல்லை. பல்கலைக்கழக பாரில் பாட்டுச் சத்தத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது. கேட்ட மாதிரித் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். ஒருத்தி தன் நாயின் தோல் வியாதியைப் பற்றி ஒரு சாயங்காலம் முழுக்க என்னிடம் சொன்னாள். மறுநாள் நூலகத்தில் என்னை யாரென்றே தெரியவில்லை அவளுக்கு. நாயின் பெயர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இதற்குப் பெயர் சோஷியல் லைஃப். ஆளை விடுங்கடா சாமி.

ஜூன் 8, ஞாயிறு

மோனிகாவைப் பற்றி எழுத வேண்டும். எழுதாவிட்டால் சிரித்தே செத்துவிடுவேன்.

பெண்கள் ஹாஸ்டலில் எனக்கும் அவளுக்கும் நாலு வருஷம் ஒரே அறை. இங்கேயும் ஒன்றாகவே வந்தோம், இலங்கைக்காரர் விமலாதேவி அன்ரி வீட்டின் பின்பக்கத்து இரண்டறை வாடகை வீட்டில் ஒன்றாகவே இருக்கிறோம். அவள் படிப்பை முடித்து வெஸ்ட்மீட் பக்கம் ஒரு மருத்துவமனை அலுவலகத்தில் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமையானால் அங்கே இருக்கும் ப்ரூக், கிரெக் கூட்டத்தோடு பப்புக்குப் போவாள். எலுமிச்சை சோடாவை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பல்லைக் காட்டிவிட்டு வருவாள். வந்ததும் "தாடை வலிக்குதுடி" என்பாள்.

இன்றைக்கு ஒரு சின்ன நோட்டைக் காட்டினாள். அவளாகவே காட்டினாள். "உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு" என்றாள். உள்ளே குண்டு குண்டு எழுத்தில்:

'யா, நா' என்றால் இல்லை. 'நா, யா' என்றால் ஆமாம்.

வீக்கெண்ட் எப்படி என்று கேட்டால் உண்மையைச் சொல்லாதே. 'நல்லா ரெஸ்ட் எடுத்தேன்' போதும்.

ஞாயிறு இரவு ஃபுட்டி (இந்த ஊர் ஃபுட்பால்) ஸ்கோர் பார். தோற்றிருந்தால் கிரெக்கிடம் பாவம் என்று சொல்.

ஜோக் புரியவில்லையா? ப்ரூக் சிரித்ததும் ஒன்று எண்ணிவிட்டுச் சிரி. கூடவே சிரித்தால் நடிப்பு என்று தெரிந்துவிடும்.

தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பதற்கும் நோட்ஸ் எடுக்கிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான்டி என்றேன். அவளும் சிரித்தாள். பிறகு நோட்டை வாங்கிக்கொண்டு, "எனக்கு அவங்களோட இருக்கப் புடிச்சிருக்கு ஹரி. சும்மா இருந்தா யாரு சேத்துக்குவா?" என்றாள்.

என்ன பிழைப்பு இது? நாலு வெள்ளைக்காரர்கள் மேஜையில் ஒரு நாற்காலிக்காக மனுப் போட்டுக்கொண்டு நிற்பதா? நான் செத்தாலும் செய்ய மாட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

ஜூலை 5 மோனிகா பிறந்தநாள். ப்ரூக் எங்கிருந்தோ என் நம்பரைப் பிடித்துச் செய்தி அனுப்பியிருக்கிறாள். இவர்கள் வழக்கப்படி நெருங்கியவர் யாராவது எழுந்து பேசிப் பிறந்தநாள்காரியின் மானத்தை வாங்க வேண்டுமாம். அதைப் போய் எங்களிடம் சொல்கிறாள்! எங்கள் ஹாஸ்டலில் பிறந்தநாள் என்றால் மூஞ்சியில் கேக், முதுகில் அடி, அப்புறம் ஆளாளுக்கு அரை மணி நேரம் கலாய்ப்பு. யார் அதிகமாகக் கிழிக்கிறாளோ அவள்தான் உயிர்த்தோழி. நாலு வருஷமும் மோனிகாவைக் கிழித்தது நான்தான்.

வருகிறேன் என்று எழுதிவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

நேற்றுப் பாரமட்டாவில், ஆற்றோரத்து பப் ஒன்றின் மாடியில். பன்னிரண்டு பேர். உருளைக்கிழங்கு வறுவலைத் தவிர நான் சாப்பிட ஒன்றும் இல்லை. ஒருத்தன் என்னிடம் "பட்டர் சிக்கன் செய்வாயா?" என்று கேட்டான். சமூக வாழ்க்கையாம்.

பிறகு நான் எழுந்து பேசினேன்.

பொய் சொல்வானேன், பிரமாதமாகப் பேசினேன். ஹாஸ்டலில் அவள் தூக்கத்தில் உளறியதில் ஆரம்பித்தேன். லேசாகச் சிரித்தார்கள். ஃபுட்டி ஸ்கோருக்கு வந்தேன்: ஆட்டத்தில் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று இவளுக்கு இன்றுவரை தெரியாது என்றேன். கிரெக் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கடைசியில் ஒன்று எண்ணுகிற விஷயம். கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று! இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக இந்த ஊரில் ஒரு அறை முழுக்க நான் சொல்வதைக் கேட்டது.

ப்ரூக் திரும்பி, "நிஜமாவா? எண்ணுவியா?" என்று மோனிகாவைக் கேட்டாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஒரு நொடி அப்படியே இருந்துவிட்டு அப்புறம்தான் சிரித்தாள். பழக்க தோஷம். அதைப் பார்த்து இன்னொரு தடவை சிரித்தார்கள்.

ரயிலில் மோனிகா கண்ணை மூடிக்கொண்டாள். களைப்பு என்றாள். நான் இறங்குவதற்குள் ப்ரூக் என்னை அவர்களுடைய வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருந்தாள்.

ஜூலை 7, திங்கள்

காலையில் பேசாமலேயே வேலைக்குப் போய்விட்டாள். ஓவர் சீன்.

ஜூலை 12, சனி

நேற்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போனேன். சும்மா, எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க.

நன்றாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, நன்றாக இருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் கிரெக் நாற்காலியை இழுத்துப் போட்டான். அயர்லாந்தில் மழை எப்படி, பப் எப்படி என்று அவன் பாட்டி சொன்ன கதையெல்லாம் சொன்னான். என் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று ப்ரூக் கேட்டாள், பதில் முடியும்வரை போனைப் பார்க்கவில்லை. இவர்களா அந்த அற்பக் கூட்டம்?

மோனிகா வரவில்லை. தலைவலியாம். "இன்னொரு மோனிகா கதை சொல்லு" என்றார்கள். வந்த புதிதில் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் வருவார் என்று சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று ஸ்டாப் நின்றாளே, அதைச் சொன்னேன்.

அன்றைக்கு அவள் பக்கத்தில் நானும்தான் நின்றேன். அதைச் சொல்லவில்லை.

ஜூலை 18, வெள்ளி

துணி காயப்போடும்போது விமலாதேவி அன்ரி வேலிப்பக்கம் வந்தார். "என்ன பிள்ளை, மோனிகா ஊருக்குப் போட்டாவோ?"

இல்லை அன்ரி, இங்கேதான் இருக்கிறாள் என்றேன்.

"ஓ. அந்தப் பிள்ளையின்ர சிரிப்புச் சத்தம் குசினி மட்டும் கேக்கும். ரெண்டு கிழமையாக் கேக்கேல்ல. அதுதான் கேட்டனான்."

ஊரில் உள்ளவர்கள் சிரிப்பையெல்லாம் சமையலறையில் நின்று வாராவாரம் கணக்கெடுக்க இந்த அன்ரிக்கு வேறு வேலை இல்லையா?

ஜூலை 22, செவ்வாய்

வெடித்துவிட்டது.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான்தான் வாயைக் கொடுத்தேன். இந்த வெள்ளிக்கிழமையாவது வா, எல்லாரும் கேட்கிறார்கள் என்றேன்.

"எதுக்கு? எண்ணுறதுக்கா?"

முதலில் புரியவில்லை எனக்கு. குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"இப்ப நான் சிரிச்சாலே கிரெக் 'ஒன்'னு சொல்றான். லஞ்ச்ல சொல்றான், போன்ல பேசி வெச்சா சொல்றான். நேத்து டாக்டர் ஒருத்தர் சொல்றார். அவருக்கு யாரு சொன்னாங்கன்னே தெரியல. யாரும் கெட்ட எண்ணத்துல சொல்லலடி. பாசமாத்தான் சொல்றாங்க. அதனால கோவிச்சுக்கவும் முடியல."

ஹாஸ்டல்ல நாம பண்ணாததா என்றேன்.

"ஹாஸ்டல்ல எல்லாரும் ஒண்ணு. நீ என்னக் கிழிச்சா நாளைக்கு நான் உன்னக் கிழிப்பேன். அங்க எவ நோட்டுப் போட்டுச் சிரிச்சா? நான் ஒருத்திதானே. ஒரு வருஷம் ஆச்சு ஹரி, அவங்க மறந்தே போயிருந்தாங்க நான் வேறன்னு. நானே மறக்க ஆரம்பிச்சேன். பாதி ஜோக்கு நெசமாவே புரிஞ்சுது தெரியுமா? நீ எந்திரிச்சு ஞாபகப்படுத்திட்ட."

வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டிருக்கிறாளாம்.

நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? ஒரு ஜோக். கேட்டுத்தானே பேசினேன்? அவங்கதானே கூப்பிட்டாங்க? இவளுக்கு எல்லாத்துக்கும் அழுகை, எல்லாத்துக்கும்—

இல்லை. இந்த நோட்டிலாவது உண்மையை எழுதித் தொலைக்கிறேன். அவளுக்கு அங்கே ஒரு இடம் இருந்தது. எனக்கு எங்கேயும் இல்லை. நக்கலடித்து நக்கலடித்து இரண்டு வருஷம் ஓட்டினேன். தாடை வலியோடு சந்தோஷமாக அவள் வீட்டுக்கு வருவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எரிந்தது. அவ்வளவுதான்.

ஜூலை 26, சனி

நேற்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போய், அந்த 'ஒன்' சமாச்சாரத்தை விட்டுவிடுங்கள் என்று ப்ரூக்கிடம் சொன்னேன். "அவளை எங்களுக்கு எவ்வளவு பிடிக்கும்னு அவளுக்கே தெரியுமே!" என்றாள். கிரெக் முகம் மட்டும் விழுந்துவிட்டது. நீதானே சொன்னாய், அவள் அப்படித்தான் ஜாலியான ஆள் என்று நினைத்தோம் என்றான்.

ஆகஸ்ட் 2, சனி

மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடு" என்றாள். வாழ்க்கையில் அதைவிடச் சின்னதாக யாரும் என்னிடம் பேசியதில்லை.

மாற்றல் கிடைத்துவிட்டதாம். பழைய கோப்புகளைக் கணினியில் ஏற்றுகிற பிரிவு. அங்கே இரண்டே பேர், இருவரும் நாலு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள், நிம்மதி என்றாள்.

நானும் வெள்ளிக்கிழமைக் குழுவிலிருந்து விலகிவிட்டேன். பெரிய தியாகம்! இன்னும் மூன்று வாரத்தில் ஊரைவிட்டே போகிறவள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கால்வே ஆய்வுக்குழுவோடு முதல் வீடியோ சந்திப்பு. நமக்குச் சாயங்காலம், அவர்களுக்குக் காலை. பேராசிரியரும் மாணவர்கள் மூன்று பேரும். போன வாரமே மின்னஞ்சல் வந்திருந்தது: புதிதாக வருகிறவர் எல்லோரையும் சிரிக்க வைக்க ஒரு கதை சொல்ல வேண்டும், அதுதான் எங்கள் குழுவின் சம்பிரதாயம் என்று. இவர்கள் சம்பிரதாயத்தில் தீயை வைக்க. புள்ளியியல் படிக்க வருகிறவளிடம் கோமாளி வேஷம் கேட்கிறார்கள்.

ஒரு வாரம் யோசித்தேன். என் வாழ்க்கையில் என்ன இருக்கிறது சொல்ல? நான் எங்கே போனேன், யாரோடு இருந்தேன்? எல்லா இடத்திலும் ஓரமாக நின்று மூக்கைச் சுளித்ததுதான். மூக்கைச் சுளித்தவளிடம் கதை எப்படி இருக்கும்?

சொல்லிவிட்டேன்.

பெயரைச் சொல்லவில்லை. 'நோட்டுப் போட்டுச் சிரிக்கிற என் தோழி ஒருத்தி' என்றுதான் ஆரம்பித்தேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே வேகமாகப் போக வேண்டும் என்று நேற்றே எழுதி வைத்து நாலு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். சரியாக அந்த இடத்தில் சிரித்தார்கள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "இங்கே நீ நன்றாகச் சேர்ந்துவிடுவாய், அவளைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும்" என்றார்.

மோனிகா அப்போது வேலையிலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை. கதவைச் சாத்தியும் வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தூங்கவில்லை. ஜெகதீஷ் என்னவோ அனுப்பியிருக்கிறான், கேட்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

நாளைக்கு விமானம். மத்தியானம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது மோனிகா கதவருகே வந்து நின்றாள். கையில் ஒரு பாட்டில் மாங்காய்த் தொக்கு, அவளே கிண்டியது. மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தாள். "எண்ணெ கசிஞ்சா உன் ஸ்வெட்டர் எல்லாம் போயிரும்" என்று சொல்லி, அவளே துணிகளை எடுத்து நடுவில் இடம் பண்ணி வைத்தாள். இரண்டு வாரத்தில் நாங்கள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

கேளு என்றேன்.

"அங்க புதுசு புதுசா ஆளுங்களப் பாப்ப. பேச ஒண்ணும் கிடைக்காம கஷ்டமா இருக்கும், எனக்குத் தெரியும் அது. அப்ப என் கதைய எடுக்காத ஹரி. இங்க போனது போகட்டும். ஒரு ஊர்லயாவது அது யாருக்கும் தெரியாம இருக்கட்டும்."

அந்த நேரத்தில்கூட உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. பன்னிரண்டு பேர் முன்னால் அவளைக் கிழித்துப் போட்ட வாய், அவள் ஒருத்தி முன்னால் திறக்கவில்லை. கேடுகெட்டவள் நான்.

"சொல்ல மாட்டேன்" என்றேன்.

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

"அப்பாடா" என்றாள். பெரிய பாரம் இறங்கின மாதிரி முகம் அப்படியே தெளிந்துவிட்டது. ஜூலைக்கு அப்புறம் இன்றைக்குத்தான் என்னை நேராகப் பார்த்தாள். பெட்டி மூடாமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. "நகரு, ஒனக்கு ஒரு வேல உருப்படியா செய்யத் தெரியாது" என்று மூடியின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நான் குனிந்து, அவளைச் சுற்றி ஜிப்பை இழுத்து மூடினேன்.