பின்பக்கத்துக் கிளாம்ப்

மார்ச் 3, செவ்வாய்

பதினோரு மாதம் கழித்து இன்று என் வீட்டுக்காரர் ஷெட்டைத் திறந்தார். பாப்பா போனதிலிருந்து பூட்டியே கிடந்தது. அப்பாவும் மகளும் மூன்று வருடமாகக் கட்டிய விமானம், ரெக்கையில் தூசியோடு அப்படியே நிற்கிறது.

"இங்க வாயேன், உன் கைதான் வேணும்" என்றார்.

என்ஜினுக்கும் அதன் பின்னால் இருக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு சந்து. ரேடியேட்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயை அங்கேதான் கிளாம்ப் பட்டை போட்டுத் திருகி மாட்டியிருக்கிறது. அவர் கை போகாது. பாப்பா கைதான் போகும். எனக்கும் அவளுக்கும் ஒரே வளையல் அளவு.

"கிளாம்ப் இறுக்கமா இருக்கா பாரு" என்று திருப்புளியைக் கொடுத்தார்.

இருந்தது. திருகு மேல் பாப்பாவின் சிவப்பு நகப்பூச்சு. சிந்தியிருப்பாள், எதிலும் அவசரம்.

"இறுக்கமாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன்.

மார்ச் 5, வியாழன்

என்ஜினை ஓட்டினார். நாலாவது நிமிடம் பச்சைத் தண்ணீர் சொட்டியது. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டதும் நிறுத்தினார். நான் வாளி வைத்தேன்.

உதவிக்கு வரும் வெல்டர் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காதே. "ஏன்யா, பறக்கக் கட்டினியா, செடிக்குத் தண்ணி ஊத்தவா?"

இவர் சிரித்துவிட்டார். அவள் போன பிறகு முதல் சிரிப்பு.

மார்ச் 9, திங்கள்

முன்பக்கக் குழாயை மாற்றினார். ஒழுகல் நிற்கவில்லை. எப்படி நிற்கும்?

மார்ச் 14, சனி

ஏன் இப்படிச் செய்கிறேன்? அஞ்சு நாள் காய்ச்சல்ல ஒண்ணைக் குடுத்தாச்சு. நெத்தியில வச்ச கையை எடுக்காமத்தான் உக்காந்திருந்தேன். என்ன பிரயோஜனம்? இப்ப இவரும் மேல போகணுமாம். ரெண்டு சீட்டு அதுல. பக்கத்துச் சீட்டைக் காலியா வச்சுக்கிட்டு எங்க போயி யாரைத் தேடுவார்? நான் கீழ நின்னு அண்ணாந்து பாக்கணுமா? வேணாம். ஒழுகட்டும்.

மார்ச் 18, புதன்

டீ கொண்டுபோனபோது காதில் விழுந்தது. வெல்டர் அண்ணன் சொல்கிறார்: "இத்துனூண்டு ஒழுகல்தானேய்யா. பத்து நிமிசம் சுத்திட்டு எறங்கிரு."

"பாக்கலாம்" என்றார் இவர்.

பாக்கலாமா? தண்ணீர் தீர்ந்தால் என்ஜின் இறுகி நின்றுவிடும் என்று பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். மேலே நின்றுபோனால் என் கையால்தானே? டீயைக் கொடுக்காமலே திரும்பிவிட்டேன்.

மார்ச் 19, வியாழன்

அவர் குளிக்கப் போனதும் ஷெட்டுக்கு ஓடினேன். திருகு அதற்கு மேல் நகராத வரைக்கும் முடுக்கினேன். கையை வெளியே எடுத்தால் வாசலில் நிற்கிறார், ஈரத் தலையோடு.

குச்சியில் கட்டிய சின்னக் கண்ணாடியைச் சந்துக்குள் விட்டு டார்ச் அடித்தார்.

"கோடு சேந்துருச்சு" என்றார்.

"எந்தக் கோடு?"

"பாப்பா நகப்பூச்சுல போட்டது. திருகுல பாதி, பட்டையில பாதி. திருகு நகந்தா கோடு ஒடஞ்சு காட்டிக்குடுத்துரும். அதுக்குத்தான் போடுறது."

சிந்தியது என்றல்லவா நினைத்தேன்.

"எப்பப் பாத்தீங்க?"

"மொதநாளே."

"பின்ன ஏன் என்னைக் கேக்கல?"

கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் அவசரம் ஒண்ணும் இல்லையே" என்றார்.

அவர் தலையைத் துவட்டிவிட்டேன். இரண்டு பேரும் ஷெட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

மார்ச் 22, ஞாயிறு

இருபது நிமிடம் ஓடியது. ஒரு சொட்டு இல்லை. முள் நடுவிலேயே நின்றது. வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

விடிந்ததும் மைதானம். கிளாம்பை நானே தொட்டுப் பார்த்துவிட்டு, "போய்ட்டு வாங்க" என்றேன். பக்கத்துச் சீட்டுக்கும் பெல்ட்டை மாட்டிவிட்டுத்தான் ஏறினார்.

பன்னிரண்டு நிமிடம். அண்ணாந்து பார்த்தேன்.

இறங்கியதும் என்ஜின் மூடியைத் திறந்தார். சந்துக்குள் கையை விட்டேன். நனையவில்லை. கோடு உடையவில்லை. குழாய் கொதித்தது.

"சுடும், எடு" என்றார்.

கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.