சுத்தமான சாம்பிள்

என்னங்க,

நீங்கள் ஒரகடத்திலிருந்து திரும்பும்போது நான் ஷிப்டுக்குப் போயிருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

கல்யாணமானதிலிருந்து உங்கள் லேபில் ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஆளின் சாம்பிளாக என் சிறுநீரைத்தான் கொண்டுபோனீர்கள். முடியைவிட மெல்லிய குழாயில் அது பிரிவதையும், லேசர் பட்டதும் அதிலுள்ள மஞ்சள் நிறமி ஒளிர்வதையும் பெருமையாகச் சொல்வீர்கள்.

நேற்று, "உன் சாம்பிள்ல மஞ்சள் ரொம்ப எகிறுது பிள்ள, இனி ஆகாது. அடுத்த மேஜை கவியா தாரேன்னு சொல்லிட்டா. அவளுது சுத்தமா இருக்கு" என்றீர்கள்.

"அவளுது பன்னீராக்கும்?" என்றேன். சிரித்தீர்கள்.

ஏன் எகிறியது என்று கேட்டீர்களா? வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறேன்; அந்த மஞ்சள் அதிலிருந்து வருவதுதான். நமக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்காக சிங்கப்பெருமாள் கோவில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது.

பிரசவம் வரை கவியாவிடமே வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவளுடைய பாட்டில் அந்த மெஷின் பக்கம் வரக் கூடாது.

கோபம் தீராமல்,
உங்கள் வீட்டுக்காரி