வலி மாத்திரை

என்னங்க,

நேரில் சொல்ல வாய் வரவில்லை. இதை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

லாரி ஓட்டி வந்த இடுப்பு வலிக்குத் தினமும் மாத்திரை கொடுத்தது நான்தான். வயிறு எரிகிறது என்றபோதும் அதையே இன்னொன்று கொடுத்தேன். வலி மாத்திரை எந்த வலிக்கும் கேட்கும் என்றுதான் நினைத்தேன். அதுவே வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கக்க வைத்துவிட்டது.

“யாரு குடுத்தது?” என்று டாக்டர் அதட்டினார்.

“நானாத்தான் வாங்கிப் போட்டேன் சார். அவளுக்கு ஒண்ணும் தெரியாது” என்றீர்கள். பொய் சொன்னால் காதைச் சொறிகிற ஆள் நீங்கள். கையில் டிரிப்ஸ் ஊசி இருந்ததால் அதற்கும் வழியில்லை.

புது மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டுமாம். நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். என் கையால் வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரி