கம்பிக்குப் பதிலாக ஒரு டார்ச்

என் அஞ்சலைக்கு,

நீ இருக்கிற இடத்தில் காட்டுப்பன்றித் தொல்லை இருக்காது என்று நம்புகிறேன். இங்கே தாங்க முடியவில்லை.

இதை எழுதி உன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கலாம். ஊரே படிக்கட்டும் என்றுதான் அச்சுக்குக் கொடுக்கிறேன். உன் சாவைப் பற்றி ஊர் பேசி முடித்துவிட்டது. நான் இன்னும் முடிக்கவில்லை.

மலையடி வயலில் இந்த முறையும் மல்லாட்டைதான் போட்டோம். மண்ணுக்குள் கடலை பிடிக்கிற நேரம் பார்த்து, ராஜகிரி மலைக்குப் பின்புறப் புதர்களிலிருந்து பன்றிகள் இறங்கிவிட்டன. இருட்டினால் வந்து மூக்காலேயே உழுதுவிட்டுப் போகின்றன. காலையில் போய்ப் பார்த்தால் செடி ஒரு பக்கம், வேர் ஒரு பக்கம். சேகர் வரப்பில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். நம் பிள்ளைதானே, எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் அடுத்து அவன் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"கரண்ட்டு கம்பி கட்டிடலாம் நைனா. மோட்டார் போர்டுலருந்து ஒரு லைன் இழுத்தா போதும். எல்லாரும் அதான் பண்றாங்க."

"உங்கம்மாவ எதுடா கொன்னுச்சு?"

"பக்கத்து வயல்காரரு யாருக்கும் சொல்லாம போட்டாரு. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுதான் போடுவேன்."

"ஊர்ல இருக்கற கன்னுக்குட்டிகிட்டயும் சொல்லுவியா?"

"அப்ப நீயே ஒரு வழி சொல்லு. விடிய விடிய தகரத்த தட்டிக்கினு நிப்பியா?"

அஞ்சலை, விடியற்காலையில் மாட்டுக்குப் புல் அறுக்கப் போன உன்னைப் பக்கத்து வயல்காரன் கட்டிய கம்பியிலிருந்து நான்தான் எடுத்தேன். அவன் பெயரை இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன். ஊர்ப் பெரியவர்கள் கூடி, வேண்டுமென்றா செய்தான், ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள், விட்டுவிடு என்றார்கள். சேகரும் தலையாட்டினான். நான் எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பக்கத்து வயல்காரனோடு ஒரு வார்த்தை பேசாமல்தான் இருந்தேன். அந்த வயலை ஒட்டியே நம் பிள்ளையும் கம்பி கட்டுவதா?

"கம்பி வேணாம். கண்ணு கூசற மாதிரி ஒரு டார்ச் செய்றேன். பன்னி அந்தப் பக்கமே வராது" என்றேன்.

சேகர் சிரித்தான். "அமாவாசைக்குள்ள செஞ்சி முடி, பாக்கலாம்."

நீ இருந்தால் என்ன கேட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். "இன்னாய்யா, இன்னிக்கு எதப் பிரிச்சுப் போட்ட?" பிரித்தது நம் மருந்தடிக்கும் ஸ்பிரேயரை. தொட்டி ஓட்டையாகி மூலையில் கிடந்தது, அதன் பேட்டரி மட்டும் நன்றாக இருந்தது. எல்இடி சிப் ஒன்று வாங்கினேன். நகத்தளவு மஞ்சள் சதுரம், அவ்வளவுதான். கண்ணால் நேரே பார்த்தால் அரை நாள் கண்ணில் பச்சை வட்டம் நிற்கும். கடையில் விற்கிற டார்ச்சை வாங்கித் தொலைக்கக் கூடாதா என்று சேகர் கேட்டான். நான் எந்தக் காலத்தில் கடைக்காரன் சொல்வதைக் கேட்டேன்?

முதல் சிப்பை நேரே பேட்டரியில் கொடுத்தேன். வீடு முழுவதும் பகலானது. நான் ரசித்து முடிப்பதற்குள் கருகிப்போய் நாற்றம் அடித்தது. வெளிச்சம் பெரியதென்றால் சூடும் பெரியது, அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள ஒன்று வேண்டும். பழைய கம்ப்யூட்டரிலிருந்து அலுமினியப் பட்டைகளையும் சின்ன விசிறியையும் கழற்றி, இடையில் சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசை தடவி, புதிதாக வாங்கிய சிப்பை அதன்மேல் இறுக்கினேன். கரண்ட்டை அளவாக விட ஒரு குட்டி போர்டு. டார்ச்சின் உடம்புக்கு, போர்வெல் போட்டபோது மிஞ்சிய பிளாஸ்டிக் குழாய்.

இத்தனைக்கும் பிறகு, ஒளி விசிறி மாதிரி விரிந்து நாலு வரப்பைத் தாண்டவில்லை. ஒளியைக் குவிக்க ஆழமான கிண்ணம் வேண்டும். அமாவாசை நெருங்கிவிட்டது. பஸ் ஏறி செஞ்சிக்குப் போய், பழைய இரும்புக் கடையில் குவியலைக் கிளறி, பைக் ஹெட்லைட் ஒன்றின் உள்கிண்ணத்தை எடுத்து வந்தேன். சிப்பை அதற்குள் முன்னும் பின்னும் மயிரிழையாக நகர்த்தினேன். ஓரிடத்தில், எதிர்ச் சுவரில் பரவிக் கிடந்த வெளிச்சம் சுருங்கி, தட்டு மாதிரி வட்டமாக நின்றது. அங்கேயே ஒட்டிவிட்டேன்.

பொழுது சாய்ந்ததும் பேட்டரியைத் தோளில் மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனேன். சேகர் வீட்டில் இல்லை. மோட்டார் கொட்டகையில் இருப்பான், வா என்று கூப்பிட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். சுவிட்சைத் தட்டினேன். அஞ்சலை, மலையடிப் பாறைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நீ பார்த்திருக்க வேண்டும்.

வெளிச்சத்தை அப்படியே இறக்கி நம் வயல்மேல் ஓட்டினேன். செடிகளுக்கு மேல் முழங்கால் உயரத்தில் ஒரு கோடு மின்னியது. குச்சிகள் நட்டு, கரண்ட் இறங்காமலிருக்க பாட்டில் துண்டு சொருகி, புதுக் கம்பி. நான் பஸ் ஏறிய நேரம் பார்த்துக் கட்டியிருக்கிறான். கோட்டைப் பிடித்துக்கொண்டே வெளிச்சத்தை நகர்த்தினேன். மூலையில் கம்பி வரப்பைக் குறுக்காகத் தாண்டியது. அந்த வரப்பில் ஒருத்தன் மண்வெட்டியைத் தோளில் போட்டு, போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே வந்தான்.

அவன்தான். பக்கத்து வயல்காரன்.

"நில்லு. அங்கயே நில்லு."

வெளிச்சம் அவன் முகத்தில் இருந்தது. கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "யார்யா அது, லைட்ட எறக்கு" என்று இன்னும் ஓரடி முன்னால் வந்தான். என் டார்ச்சே அவனைக் குருடாக்கிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. முகத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தை அவன் காலடிக்கு இறக்கினேன். கம்பிக்கும் அவன் காலுக்கும் ஒரு சாண்கூட இல்லை. பார்த்துவிட்டான். மண்வெட்டி நழுவி விழுந்தது.

"சேகரு, பியூஸ புடுங்குடா" என்று கத்தினேன். கொட்டகையில் விளக்கு அணைந்தது.

அவன் வரப்பிலேயே குந்திவிட்டான். போனில் யாரோ இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். உன்னை அக்கா என்று கூப்பிட்டவன் அல்லவா, அந்த முறை வைத்தே என்னைக் கேட்டான்.

"உங்க வயல்லயா மாமா?"

இத்தனை நாள் நான் அவனை என்னவெல்லாம் திட்டினேனோ, அத்தனையும் அந்த ஒரு கேள்வியில் நம் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது.

சேகர் ஓடி வந்தான். "இன்னிக்குதான் நைனா போட்டேன். இந்த நேரத்துல யாரும் வர மாட்டாங்கன்னு..."

"உங்கம்மா செத்தப்ப அவனும் அதத்தான்டா சொன்னான்."

நான் வெளிச்சம் பிடித்தேன், சேகர் கடைசிக் குச்சிவரை பிடுங்கிக் கம்பியைச் சுருட்டினான். பக்கத்து வயல்காரன் போகாமல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

பன்றிகள் வெளிச்சத்துக்கு ஓடுகின்றன. ஆனாலும் பழகிவிடும் என்கிறான் சேகர். பழகட்டும். இடத்தை மாற்றி நின்று அடிப்பேன், அணைத்து அணைத்துப் போடுவேன். இப்போது காவலுக்கு ஒரு நாள் நான், ஒரு நாள் அவன்.

நேற்று சேகர் தயங்கிக்கொண்டே கேட்டான். "பக்கத்து வயல்காரரும் கம்பிய கழட்டிட்டாரு நைனா. அவருக்கும் ஒரு லைட்டு செஞ்சி தருவியான்னு கேக்கறாரு."

நான் அவனை மன்னிக்கவில்லை அஞ்சலை. மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் பன்றி அவன் வயலைக் கிளறினால் அவன் கை மறுபடியும் கம்பிக்குத்தானே போகும்? அந்த வரப்பில் நாளைக்கு யாருடைய அஞ்சலை புல் அறுக்கப் போவாளோ? நீயாக இருந்தால் செய்து கொடுத்திருப்பாயா? எனக்குத் தெரியவில்லை. இன்று காலை பஸ் ஏறி இன்னொரு கிண்ணம் எடுத்து வந்துவிட்டேன்.

செய்து சேகர் கையில் கொடுத்தனுப்புவேன். அவனோடு பேச மாட்டேன். என் உயிர் இருக்கிறவரை, நம் வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கரண்ட் கம்பி ஓட விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

சேகரின் நைனா,
உன் வீட்டுக்காரன்
முனுசாமி