தரையிலிருந்து முழங்கை வரை

என் மகளைப் பெற்றவளுக்கு,

நான் சுகம். அங்கே எல்லாரும் சுகம் என்று நீ எழுதியிருந்தாய். அதை அப்படியே நம்புகிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரு வருடம் எட்டு மாதம் கழித்து அரைப் பக்கம். அதில் முக்கால்வாசி பேத்தி நடக்கப் பழகியது. மிச்சத்தில், "இனிமே நான் இங்கயே இருந்துக்கறேன், அங்க வந்து என்ன செய்யப் போறேன்" என்று ஒரே வரி. அதற்குக் கீழே, மளிகைக் கடைக்கு எழுதுவதுபோல மூன்று பொருள்கள்: தையல் பெட்டி, பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை, "என் பலகை".

போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் நான் கத்துவேன். நீ "சரி, சரி" என்று போனை மகளிடம் கொடுத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதைப் பாதியில் அவளிடம் நீட்டாதே.

நான்கு மாதத்தில் வருகிறேன் என்று மகளின் பிரசவத்துக்கு வெளிநாடு போனவள் நீ. நான் உன்னைத் துரத்தவில்லை. கிளம்புவதற்கு முந்தின வாரம் சமையலறைக்கு வெள்ளையடிக்கச் சொன்னாய், ஜன்னலுக்கு ஒரு திரை கேட்டாய். அது வீண் செலவு என்றேன். "அடுப்படிய யாரு வந்து பாக்கப் போறா" என்று கேட்டேன். "நான் பாக்கறேனே" என்றாய். இதற்கெல்லாம் ஒரு மனுஷி கோபித்துக்கொள்வாளா என்று இந்த ஒரு வருடம் எட்டு மாதமும் எனக்கு நானே கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ் நிலையத்தில் பெட்டியை நீயே தூக்கி மேலே வைத்தாய். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அதையும் மறக்கவில்லை.

நீ போன பிறகு ஆறு மாதம் முனைக்கடையில் சாப்பிட்டேன். வயிறு கெட்டது. மருத்துவர் ஒரு வாரம் கஞ்சி குடிக்கச் சொன்னார். கஞ்சியைக்கூட ஒருவனிடம் கேட்டு வாங்கிக் குடிக்க எனக்கு மனசில்லை. தச்சு வேலையை யாரிடம் படித்தேன்? கொத்து வேலையை யாரிடம் படித்தேன்? சோறு மட்டும் என்ன பெரிய வித்தை என்று அடுப்பைப் பற்றவைத்தேன்.

அப்போது ஒருநாள் போனில் உன்னிடம் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டேன், நினைவிருக்கிறதா? "அரிசிக்கு மேல ஒரு விரல்கணு நிக்கணும்" என்றாய். அப்படியே வைத்தேன். மூன்று நாள் குழைந்தது. நீ வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிவிட்டாய் என்று நினைத்தேன். நாலாவது நாள்தான் இரும்பு ஸ்கேலை எடுத்து என் விரல்கணுவை அளந்தேன். உன் கை என் கையில் பாதி. உன் கணுவும் என் கணுவும் எப்படி ஒன்றாகும்? தண்ணீரைக் குறைத்தேன், சோறு சோறாக வந்தது. அதை அன்றைக்கே போனில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இப்போது பருப்பு வேகவைக்கிறேன். வெங்காயத்தை அவசரப்படுத்தாமல் வதக்கக் கற்றுக்கொண்டேன். தீயைக் குறைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, உரித்து, மிளகும் உப்பும் போட்டுப் பிரட்டினால் இரண்டு வேளைக்குப் போதும். கீரையை மூடாமல் வேகவைத்தால் பச்சை மாறுவதில்லை. முட்டையை உடைத்துப் போட்டால் இன்னும் பாதி நாள் மஞ்சள் கரு உடைகிறது. உடைந்தால் கிளறிவிடுகிறேன். முதலிலிருந்தே கிளறுவதாகத்தான் இருந்தேன் என்று சொல்லிக்கொள்வேன், கேட்க ஆள் இல்லாவிட்டாலும்.

சமைக்கத் தொடங்கிய பிறகு அந்த அறையில் நான் நின்ற நேரம் அதிகமானது. நின்றால் கண் என்ன செய்யும்? சுவரைத்தான் பார்க்கும். அடுப்புக்கு மேலே எண்ணெய்ப் புகை கறுத்துப் போய், ஜன்னல் கண்ணாடி மங்கி, குண்டு பல்பு அழுது வடிந்துகொண்டிருந்தது. நீ கேட்டதற்காக இல்லை, என் கண்ணுக்குப் பிடிக்காததால் வேலையைத் தொடங்கினேன். முடித்ததும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்ப வேண்டும், "யாரு பாக்கப் போறா, நான்தான் பாக்கறேன்" என்று அடியில் எழுத வேண்டும் என்று நினைத்ததும் உண்மை.

சுவரைச் சோப்புத் தண்ணீரில் இரண்டு தடவை தேய்த்தேன். எதிர்வீட்டுப் பெயிண்டர், நாம் வாளி என்று கூப்பிடுவோமே, அவன் வேலை முடிந்த வீடுகளில் மிஞ்சிய டப்பாக்களை மாடிப்படிக்கு அடியில் அடுக்கி வைத்திருப்பான். மூன்று டப்பாவில் அடியில் கிடந்ததை ஒன்றாகக் கலக்கினோம். ஒன்று வெள்ளை, ஒன்று சந்தனம், ஒன்று பச்சை மாதிரி. என்ன நிறம் வந்தது என்று அவனுக்கே பெயர் தெரியவில்லை. "என்னண்ணே, இந்த வயசுல பொண்ணு பாக்க வராங்களா?" என்று கேட்டான். "ஆமாண்டா, உன்னை மாப்பிள்ளைத் தோழனா நிறுத்தப் போறேன், போய்க் குளிச்சிட்டு வா" என்றேன். அவன் சிரித்துவிட்டு, போகும்போது ஒரு நல்ல தூரிகையை விட்டுவிட்டுப் போனான். திருப்பித் தரச் சொல்லிக் கேட்கவில்லை.

கட்டிலில் போடும் நீலக்கோட்டு விரிப்பு நடுவில் நைந்திருந்தது இல்லையா? இரண்டு ஓரமும் நன்றாகத்தான் இருந்தன. வெட்டி ஜன்னலுக்குத் திரை ஆக்கினேன். ஓரம் மடித்துத் தைக்கப் பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் கொடுத்தேன். கழற்றிப்போட்டிருந்த அலமாரிக் கதவின் கண்ணாடியை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். காலையில் ஒரு ஜன்னல் வெளிச்சம் இரண்டு ஜன்னல் வெளிச்சமாகிறது. ஊறுகாய் பாட்டில்களை வெந்நீரில் ஊறவைத்து, ஒட்டியிருந்த தாள்களைச் சுரண்டி, பருப்பும் மிளகும் போட்டு உயர வரிசையில் வைத்தேன். சின்னச் சாமான்களை நீ வைத்திருந்த டப்பாக்களையும் துடைத்தேன். கிராம்பு, ஏலக்காய், பொத்தான், ஊசி எல்லாம் ஒரே அளவுத் தகர டப்பாக்களில். பதினெட்டு டப்பா இருந்தது. துடைத்த பிறகுதான் மூடியைப் படித்தேன். எல்லாம் வலித் தைலம். நான் மாதாமாதம் வாங்கி வந்ததுதான். யாருக்கு வலி, எங்கே வலி என்று நான் கேட்டதாக ஞாபகம் இல்லை.

இனி பலகைக்கு வருகிறேன்.

நீ பலகை என்று எழுதியதும் காய் நறுக்கும் பலகை என்று நினைத்தேன். புதன்கிழமையே தையல் பெட்டி, கம்பளிச் சட்டை, நறுக்கும் பலகை மூன்றையும் கட்டிப் பார்சலில் போட்டுவிட்டு, அந்த நாட்டில் ஒரு பலகைக்கா பஞ்சம் என்று மகளிடம் போனில் கேட்டேன். அவள் சிரித்தாள். "அது இல்லப்பா, அம்மா ஏறி நின்னு சமைக்கிற பலகை" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அசடு இல்லை, அது உனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு நிமிடம் புரியவில்லை.

அடுப்பு மேடைக்குக் கீழே கிடந்த பலகை அது. ஆலையில் இயந்திர உதிரி வந்த பெட்டியின் அடிப்பாகம், விறகுக்கு ஆகும் என்று நான் தூக்கி வந்தது. நான் சமைக்கத் தொடங்கிய நாளிலிருந்து அது என் காலை இடறிக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை திட்டிக்கொண்டே உதைத்து ஓரம் தள்ளினேன். வெள்ளையடித்த கையோடு, ஜன்னலுக்குப் பக்கத்தில் செடித்தொட்டி வைக்க ஒரு தட்டு வேண்டும் என்று அதை எடுத்து இழைப்புளி போட்டேன். மேல்பக்கம் இரண்டு இடத்தில் குழிந்திருந்தது. ஏதோ பாத்திரம் உட்கார்ந்த குழி என்று ஒன்றை இழைத்துச் சமன் செய்துவிட்டேன். அதற்குள் கை வலித்தது. மற்றதை, தொட்டி வைத்தால் மறைந்துவிடும் என்று அப்படியே விட்டுச் சுவரில் அடித்தேன். மகள் சொன்ன பிறகு தொட்டியை இறக்கிவிட்டு அந்தக் குழியில் கையை வைத்துப் பார்த்தேன். குதிகால். உன் இடது குதிகால். வலது காலை நான் இழைத்துத் தள்ளிவிட்டேன்.

அன்று சமைக்கவில்லை.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் அந்த மேடையைக் கட்டியவன் நான். செங்கல் அடுக்கி, கல் ஏற்றி, மட்டம் பார்த்தேன். நீர்மட்டக் குமிழ் நடுவில் நின்றது. இன்றைக்கும் நிற்கும். அளவில் நான் தவறியதில்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆலையில் வைஸ் தகராறு நடந்ததே, அந்தக் கதையை நீயே விருந்தாளிகளுக்குச் சொல்வாய். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் அந்த வைஸ், வேலை செய்கிறவனின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று, கையை மடக்கி மோவாய்க்கு அடியில் முட்டுக் கொடுத்தால், முழங்கை அதன் தலையில் படவேண்டும். அதற்கு மேலே இருந்தால் தோள் போய்விடும். புதிய போர்மேன் எல்லாருக்கும் ஒரே உயரத்தில் பொருத்தினான். "எனக்குச் சரியா இருக்கு, பக்கத்துல நிக்கிற குட்டையனுக்குச் சரியில்ல. இறக்குற வரைக்கும் அரத்த தொடமாட்டேன்" என்று மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நாலாவது நாள் இறக்கினான். அந்தக் குட்டையன் பணி ஓய்வு பெற்ற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அந்த மூன்று நாளும் நீதான் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாய். எங்கே நின்று கட்டினாய் என்று இப்போது தெரிகிறது.

மேடை கட்டும்போது யாருடைய முழங்கைக்கு அளவு எடுத்தேன்? என்னுடையதற்கு. நான் ஒரு வேளைகூடச் சமைக்காத மேடைக்கு என் முழங்கை. ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று உன்னைக் கேட்டு இந்தக் கடிதத்தில் ஒரு பக்கம் எழுதினேன். பிறகு அதைக் கிழித்துவிட்டேன். நீ சொன்னாய். அடுப்பு வைத்த முதல் நாள், "கொஞ்சம் உசரமா இருக்கே" என்றாய். "பழகிடும்" என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. விறகிலிருந்து ஒரு பலகையை எடுத்துப் போட்டுக்கொண்டாய்.

அந்தப் பலகையைப் பற்றித் தையல்காரியிடம் போய்க் கேட்டேன். அவள் திரையைத் தைத்துக்கொண்டே, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள். "பலகை போட்டும் அக்காவுக்கு எட்டாதுண்ணே. தோளத் தூக்கித்தான் கிண்டுவாங்க. சாயங்காலம் வந்து தோளுக்கு ஒத்தடம் வச்சுக்கிட்டுப் போவாங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்." திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே. போகும்போது மனசில் இருந்ததை ஒரு வார்த்தை சொல்லாமல் போனதும், அரைப் பக்கத்தில் முப்பத்தைந்து வருடத்தை முடிக்கப் பார்த்ததும் உன் பங்கு. அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அளவு தவறினால் வேலையைத் திருத்தித் தருவது என் தொழில். அதற்கு யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை.

பலகையை அனுப்பமாட்டேன். மகள் வீட்டு அடுப்பும் உனக்கு உயரம் என்பதால்தான் கேட்டிருக்கிறாய். எவனோ யாருக்கோ கட்டிய மேடைக்கு எதிரில் நீ மறுபடியும் ஏறி நிற்க நான் கட்டை அனுப்புவதா? மாப்பிள்ளை நல்லவர், அவரிடம் கேட்டால் செய்து தருவார். என்னிடம் கேட்காதே.

வெள்ளிக்கிழமை வாளியும் நானும் சேர்ந்து மேடைக் கல்லைக் கீழே இறக்கினோம். "அண்ணே, இப்பத்தான பெயிண்ட் அடிச்சீங்க, பைத்தியமா?" என்றான். கல்லைப் பிடிடா என்றேன். செங்கல்லைப் பெயர்த்துச் சுத்தம் செய்து அடுக்கி வைத்திருக்கிறேன். எத்தனை வரிசை கட்டுவது என்றுதான் தெரியவில்லை. பலகையின் உயரத்தைக் கழித்துக் கட்டலாம் என்றால், அது உன் அளவுக்குச் செய்தது இல்லை, கையில் கிடைத்தது. உன் பழைய சட்டையை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. இத்தனை வருடம் கூட இருந்தும் உன் முழங்கை என் உடம்பில் எந்த இடத்துக்கு வரும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வயதானால் உடம்பு கொஞ்சம் இறங்கும் என்கிறார்கள். அதனால் பழைய கணக்கு எதுவும் உதவாது.

அளவு வரும்வரை அடுப்பைத் தரையில் வைத்துத்தான் சமைக்கிறேன். என் முழங்கால் எப்படி என்று உனக்குத் தெரியும். உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. புதிய பெயிண்டில் கைத்தடம் விழுகிறது. விழட்டும்.

பேத்தியை வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடக்க விடு, கால் உறுதிப்படும். நல்லபடியாக நீண்ட நாள் நடக்கட்டும். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி.

நீ வா என்று நான் எழுதவில்லை, வருகிறேன் என்று நீ எழுதவும் வேண்டாம். ஒரே ஒரு எண்ணை எழுது. வெறுங்காலோடு சமதரையில் நில். கையை மடக்கி மோவாய்க்கு அடியில் வை. தரையிலிருந்து முழங்கை வரை மகளை அளக்கச் சொல். இரண்டு தடவை அளக்கச் சொல். அளவு எடுக்கும்போது நீ எப்போதும் கொஞ்சம் குனிவாய். குனியாதே.

இப்படிக்கு,
கல்லை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கும்
உன் வீட்டுக்காரன்